பந்தைப் பார்க்காதீர்கள்

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, விடியற்காலை ஐந்து மணி. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது ஞாயிறு சாயங்காலம் ஆறரை. நியூஜெர்சியிலோ பாஸ்டனிலோ உங்கள் மகனோ மாப்பிள்ளையோ இருந்தால் அந்த நேரம் பார்த்து போன் பண்ணாதீர்கள். எடுக்க மாட்டார்கள். சூப்பர் பவுல் ஓடிக்கொண்டிருக்கும். பேரனைப் பார்த்துக்கொள்ள நீங்களே அங்கே போய் மாட்டிக்கொண்டிருந்தால் இன்னும் விசேஷம். சோபாவில் உட்கார வைத்து, கையில் ஒரு கிண்ணம் சிப்ஸைக் கொடுத்து, 'அந்தப் பழுப்புப் பந்தை மட்டும் பாருங்க மாமா, மத்ததெல்லாம் தானா புரிஞ்சிடும்' என்பார் மாப்பிள்ளை.

புரியாது. மாப்பிள்ளை நல்லவர்தான், ஆனால் அவர் சொன்ன யோசனை தப்பு. அவர் மட்டுமல்ல, அந்த நாட்டில் பாதிப் பேர் ஐம்பது வருஷமாக இப்படித் தப்பாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பரிசு கொடுப்பவர்கள், பத்திரிகையில் எழுதுபவர்கள், ஏன், கோடிக்கணக்கில் பணம் போட்டு அணியை வைத்திருக்கும் முதலாளிகள்கூட.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். அமெரிக்கன் ஃபுட்பாலில் ஜெயிப்பதும் தோற்பதும் பந்தை எறிகிற அழகான பையனிடம் பெரும்பாலும் இல்லை. அவனுக்கு முன்னால் குனிந்து நிற்கிற ஐந்து தடித்த ஆசாமிகளிடம் இருக்கிறது. இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல. பட்டியல் தருகிறேன்.

முதலில் ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. (தெரிந்தவர்கள் அடுத்த பாராவுக்குத் தாவலாம்.) பக்கத்துக்குப் பதினோரு பேர். நூறு கெஜ மைதானம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து கெஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. ஒவ்வொரு முறையும் பந்து ஒருவர் கால் நடுவே பின்பக்கமாகக் கொடுக்கப்படும். அதை வாங்குபவர்தான் குவார்ட்டர்பேக். ஹீரோ. அவர் பந்தை எறியலாம், ஓடுகிறவன் கையில் கொடுக்கலாம். எதிர் அணிக்கு ஒரே லட்சியம்: அதற்குள் அவரைத் தரையில் சாய்ப்பது. பந்து கையில் இருக்கும்போதே சாய்த்துவிட்டால் அதற்கு 'சாக்' என்று பெயர். சாக்கு மூட்டை ஞாபகம் வருகிறதா? சரிதான். மூட்டையைப் போடுவதுபோலத்தான் போடுவார்கள்.

மூட்டை விழாமல் காப்பதற்கு ஐந்து பேர். நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டு, கார்டுகளுக்கு வெளியே இரண்டு டேக்கிள். இவர்களுக்கு மொத்தமாக அஃபென்ஸிவ் லைன் என்று பெயர். ஆளுக்கு 140 கிலோ சாதாரணம். சென்டர் மட்டும் ஒவ்வொரு முறையும் பந்தைத் தொட்டுப் பின்னால் தள்ளிவிடுவார். மற்றபடி இவர்கள் முன்னால் எறியப்படும் பந்தைப் பிடிக்கக்கூடாது. நடுவரிடம் தனியாகச் சொல்லிவிட்டு வந்து நின்றாலொழிய அது குற்றம். மறிப்பது மட்டுமே வேலை.

'இதென்ன பெரிய வித்தை, குறுக்கே நிற்பதுதானே?' என்கிறீர்களா?

நின்று பாருங்கள். எதிரில் வருகிறவன் 120 கிலோ, ஆனால் ஓட்டப்பந்தய வீரன் மாதிரி ஓடுவான். அவன் முன்னோக்கி வருகிறான், நீங்கள் பின்னோக்கி நகர்ந்துகொண்டே அவனை மறிக்க வேண்டும். அவனுக்கு எந்தப் பக்கம் போகப்போகிறோம் என்று தெரியும், உங்களுக்குத் தெரியாது. அவன் உங்களைப் பிடித்து இழுத்துத் தள்ளலாம். நீங்கள் அவனைக் கட்டிப் பிடித்தால் 'ஹோல்டிங்' என்று பத்து கெஜம் அபராதம். நடுவே அவனும் பக்கத்து ஆளும் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே பாய்ந்து இடம் மாறுவார்கள். உடனே நீங்கள் உங்கள் ஆளைப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒப்படைத்துவிட்டு அவருடைய ஆளை வாங்கிக்கொள்ள வேண்டும். பேச நேரமில்லை. வெளியூர் மைதானத்தில் எழுபதாயிரம் பேர் போடுகிற கூச்சலில் பேசினாலும் காது கேட்காது. பந்து நகர்வதை ஓரக்கண்ணால் பார்த்துத்தான் கிளம்பவே வேண்டும்.

இத்தனையும் எவ்வளவு நேரத்துக்கு? இரண்டரையிலிருந்து மூன்று விநாடி. அதற்குள் குவார்ட்டர்பேக் பந்தை விட்டுவிடுவார். அந்த மூன்று விநாடியைச் சம்பாதித்துத் தருவதுதான் இந்த ஐவரின் தொழில். ஒரு ஆட்டத்தில் அறுபது, அறுபத்தைந்து தடவை. ஐம்பத்தொன்பது தடவை ஒழுங்காகச் செய்தால் ஒருத்தரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அறுபதாவது தடவை கை கொஞ்சம் நீண்டுவிட்டால் நடுவர் மைக்கைப் பிடித்து, 'ஹோல்டிங், நம்பர் எழுபத்திரண்டு' என்று ஊரறியச் சொல்வார். தப்புச் செய்தால் மட்டும் விளம்பரம் கிடைக்கிற உத்தியோகம்.

இப்போது பரிசு விஷயத்துக்கு வருவோம். அமெரிக்க லீகில் ஒவ்வொரு வருஷமும் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கு அசோசியேட்டட் பிரஸ் ஒரு விருது தருகிறது. இதுவரை ஒரு அஃபென்ஸிவ் லைன்மேனுக்குக்கூடக் கொடுத்ததில்லை. சூப்பர் பவுல் 1967-ல் ஆரம்பித்தது. அதன் சிறந்த ஆட்டக்காரர் விருதும் இவர்களில் ஒருவருக்குக்கூடக் கிடைத்ததில்லை.

ஆனால் 1982-ல் அசோசியேட்டட் பிரஸ் விருதை யாருக்குக் கொடுத்தார்கள் தெரியுமா? மார்க் மோஸ்லி என்பவருக்கு. வாஷிங்டன் அணி. அவருக்கு என்ன வேலை? பந்தை உதைப்பது. ஆட்டத்துக்குச் சில முறை உள்ளே வந்து, உதைத்துவிட்டு, மறுபடி போய் உட்கார்ந்துகொள்வது. ஸ்டிரைக்கினால் ஒன்பது ஆட்டங்களே நடந்த சீசன் அது. மோஸ்லி 21 முறை உதைத்து 20 முறை கோல் கம்பத்துக்குள் போட்டார். கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே வருஷம் அதே அணியில்தான் 'ஹாக்ஸ்' என்று பயிற்சியாளர் ஜோ பியூகல் செல்லப்பெயர் வைத்த லைன் இருந்தது. ஹாக்ஸ் என்றால் பன்றிகள். சேற்றில் புரள்கிற வேலை என்பதால் அவர்களும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்கள். அந்த சீசனின் இறுதி ஆட்டத்தில், 1983 ஜனவரியில், அந்தப் பன்றிகள் வழி திறந்துவிட, ஜான் ரிக்கின்ஸ் 38 முறை பந்தை எடுத்துக்கொண்டு 166 கெஜம் ஓடினார். மயாமியை 27-17 என்று ஜெயித்தார்கள். சீசன் விருது உதைத்தவருக்கு, இறுதி ஆட்ட விருது ஓடியவருக்கு. பன்றிகளுக்கு? செல்லப்பெயர்.

அதே வாஷிங்டன் அணியின் அடுத்த கதை இவ்வளவு தமாஷாக இல்லை. 1985 நவம்பர் 18, திங்கட்கிழமை இரவு, நாடு முழுக்க டெலிவிஷனில் ஆட்டம். குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மன். வலது கைக்காரர். வலது கைக்காரர் எறியத் திரும்பும்போது அவருடைய இடது பின்பக்கம் அவருக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தைக் காப்பவர் லெஃப்ட் டேக்கிள். அன்றைக்கு வழக்கமான லெஃப்ட் டேக்கிள் ஜோ ஜேக்கபி காயத்தால் ஆடவில்லை. நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லர் பாய்ந்து வந்து விழுந்தார். தைஸ்மனின் வலது கால் எலும்புகள் முழங்காலுக்குக் கீழே முறிந்து வெளியே தெரிந்தன. சாய்த்த டெய்லரே பதறிப்போய், ஓடி வாருங்கள் என்று கையசைத்தார். தைஸ்மன் அதன்பின் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

மைக்கேல் லூயிஸ் 2006-ல் எழுதிய 'தி பிளைண்ட் சைடு' புத்தகம் இந்த நாலைந்து விநாடியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பக்கத்தைக் காப்பவனுக்கு எப்படிச் சம்பளம் ஏறியது என்பது அதில் பாதி. மைக்கேல் ஓஹர் என்ற ஏழைப் பையன் டேக்கிள் ஆனது மீதி. 2009-ல் சினிமாவாக வந்து ஆஸ்கரும் வாங்கியது. யாருக்கு? ஓஹரை வீட்டில் சேர்த்துக்கொண்ட அம்மாவாக நடித்த சாண்ட்ரா புல்லக்குக்கு. லைன்மேனைப் பற்றிப் படம் எடுத்தால்கூடப் பரிசு பக்கத்தில் நின்றவருக்குத்தான்.

'அதெல்லாம் பழைய கதை சார், இப்போதான் லெஃப்ட் டேக்கிளுக்குக் கொட்டிக் கொடுக்கிறார்களே' என்பீர்கள். உண்மை. டெட்ராய்ட் அணியின் பினேய் சூவெல் ரைட் டேக்கிள்தான். 2024-ல் அவருக்கே நான்கு வருஷத்துக்கு 11.2 கோடி டாலர் ஒப்பந்தம். எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. நான் சண்டை போடுவது சம்பளத்துக்காக அல்ல, வரிசைக்காக. எது முதலில், எது பின்னால் என்ற வரிசை. முதலில் ராஜாவைக் கொண்டுவந்து மைதானத்தில் நிறுத்திவிட்டு, கோட்டையை அப்புறம் கட்டிக்கொள்ளலாம் என்கிற புத்திக்காக.

டேவிட் கார் என்று ஒருவர். 2002-ல் ஹூஸ்டனில் புது அணி தொடங்கினார்கள். அந்த வருஷம் கல்லூரியிலிருந்து வந்த இளைஞர்களில் முதல் ஆளாக இவரைத் தேர்ந்தெடுத்தார்கள். லைனுக்கு என்று டோனி பொசெல்லி என்ற மகா கெட்டிக்கார டேக்கிளையும் வேறு அணியிலிருந்து எடுத்தார்கள். தோள்பட்டைக் காயத்தால் பொசெல்லி அவர்களுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. சரி, மாற்று ஏற்பாடு பலமாகச் செய்தார்களா? ம்ஹூம். அந்த ஒரே சீசனில் கார் 76 தடவை சாய்க்கப்பட்டார். லீக் வரலாற்றிலேயே அதிகம். பதினாறு ஆட்டம், எழுபத்தாறு மூட்டை. 2005-ல் மறுபடி 68. அப்புறம் என்ன? 'கார் சரியில்லை' என்று தீர்ப்புச் சொல்லி 2007-ல் வழியனுப்பிவிட்டார்கள்.

இதைவிட எனக்கு ஆறாதது ஆண்ட்ரூ லக் கதை. 2012-ல் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணி முதல் ஆளாக எடுத்த குவார்ட்டர்பேக். ஸ்டான்ஃபோர்டில் ஆர்க்கிடெக்சர் படித்தவர். தன்னை அடித்துச் சாய்த்தவனைப் பார்த்து 'பிரமாதம்' என்று பாராட்டுகிற விசித்திரமான மனுஷன். பாராட்டுவதற்கு அவருக்கு நிறையச் சந்தர்ப்பம் கிடைத்தது. முதல் வருஷமே 41 சாக். தோள், விலா, சிறுநீரகத்தில் கிழிசல் என்று ஒவ்வொன்றாக வந்தது. 2016-ல் மறுபடி 41. தோள் ஆபரேஷனால் 2017 முழுக்க ஆடவில்லை.

2018-ல் அணிக்கு ஞானம் வந்தது. குவென்டன் நெல்சன் என்ற கார்டை ஆறாவது ஆளாக எடுத்தார்கள். 'ஒரு கார்டுக்கு இவ்வளவு உயர்ந்த இடமா?' என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அந்த சீசன் முழுக்க லக் சாய்க்கப்பட்டது வெறும் 18 தடவை. அணி பிளே ஆஃபுக்குப் போனது. ஆகா, இனி எல்லாம் சுபம் என்று நினைத்தார்கள்.

சுபமில்லை. 2019 ஆகஸ்ட் 24. லக் ஓய்வை அறிவித்தார். வயசு 29. காயம், வலி, சிகிச்சை, மறுபடி காயம் என்று சுற்றிச் சுற்றி ஆட்டத்தின் சந்தோஷமே போய்விட்டது என்று கண்கலங்கச் சொன்னார். சேதி அதற்கு முன்பே கசிந்துவிட்டதால், அவர் மைதானத்தை விட்டு நடந்து போகும்போது சொந்த ஊர் ரசிகர்களே கூச்சல் போட்டு அவமானப்படுத்தினார்கள்.

நியாயமாகச் சொல்கிறேன். லக் வாங்கிய எல்லா அடிக்கும் லைன் பொறுப்பில்லை. அவர் பந்தைக் கையில் ரொம்ப நேரம் வைத்திருப்பார், தானே எழுந்து ஓடுவார். ஆனால் தனக்கு முன்னால் இருப்பதை நம்பாதவன்தான் அப்படி ஓடுவான். அந்தக் கூச்சல் போட்டவர்கள் யாரைப் பார்த்துப் போட்டிருக்க வேண்டும்? ஆறு வருஷம் கழித்து நல்ல கார்டை வாங்கிய நிர்வாகத்தைப் பார்த்து. அவர்கள் பார்த்தது, வழக்கம்போல, பந்து வைத்திருந்தவனை.

இன்னும் சந்தேகமா? பேட்ரிக் மஹோம்ஸைப் பாருங்கள். கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணி. இந்தத் தலைமுறையின் ஆகச் சிறந்த கை என்று எதிரிகளே ஒப்புக்கொள்கிறார்கள். 2020-ல் பத்து வருஷத்துக்கு 45 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். அடுத்த பிப்ரவரியில், 2021-ல், டாம்பாவில் சூப்பர் பவுல். இரண்டு டேக்கிள்களும் இல்லை. ஒருவருக்குக் கணுக்கால் நரம்பு அறுந்திருந்தது, இன்னொருவருக்கு முதுகு. கிடைத்தவர்களை வைத்து ஒப்பேற்றினார்கள்.

அந்த இரவு மஹோம்ஸை 29 தடவை நெருக்கினார்கள். சூப்பர் பவுலில் அதற்கு முன் யாரும் அத்தனை நெருக்கப்பட்டதில்லை. எறிவதற்கோ, விழுவதற்கோ முன்னால் அந்த மனுஷன் கோட்டுக்குப் பின்னாலேயே அங்குமிங்கும் ஓடிய தூரத்தை அளந்தார்கள். 497 கெஜம். எறிந்து சம்பாதித்ததோ 270 கெஜம். ஒரு டச்டவுன்கூட இல்லை. 31-9 என்று தோல்வி. 45 கோடி டாலர் கை, உயிருக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்தது.

எதிர்ப் பக்கம் டாம்பா என்ன செய்திருந்தது? 2020 மார்ச்சில் 42 வயது டாம் பிரேடியை வாங்கினார்கள். ஏப்ரலில் இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒரு இடம் முன்னால் நகர்வதற்கு இன்னொரு அணிக்குத் தனியாக விலை கொடுத்து டிரிஸ்டன் வொர்ஃப்ஸ் என்ற டேக்கிளை எடுத்தார்கள். கிழட்டு ராஜாவுக்குப் புதுக் கதவு. இறுதி ஆட்டத்தில் பிரேடி விழுந்தது ஒரே ஒரு தடவை.

சீஃப்ஸுக்கு அடி பட்டதும் புத்தி வந்தது. 2021-ல் ஐந்து இடத்துக்கும் புது ஆட்கள். ஜோ தூனியை விலைக்கு வாங்கினார்கள், ஆர்லாண்டோ பிரவுனை மாற்றிக்கொண்டார்கள், கிரீட் ஹம்ஃப்ரி, ட்ரே ஸ்மித் என்று இரண்டு கல்லூரிப் பையன்களை எடுத்தார்கள். 2023 பிப்ரவரியில் மறுபடி சூப்பர் பவுல். எதிரே ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ். அந்த சீசனில் எதிரிகளை 70 தடவை சாய்த்தவர்கள். மஹோம்ஸுக்கோ கணுக்கால் சுளுக்கு, நொண்டுகிறார். சாக் எத்தனை? பூஜ்யம். 38-35 என்று ஜெயித்தார்கள். விருது மஹோம்ஸுக்கு.

2025 பிப்ரவரி. நியூ ஆர்லியன்ஸ். மறுபடி அதே ஈகிள்ஸ். இந்த முறை சீஃப்ஸுக்கு சரியான லெஃப்ட் டேக்கிள் இல்லை. கார்டாக இருந்த தூனியைத் தள்ளி அங்கே நிறுத்தியிருந்தார்கள். ஈகிள்ஸ் கூடுதல் ஆளை அனுப்பவேயில்லை. வழக்கமான நான்கு பேர் போதும் என்று விட்டார்கள். ஐந்து பேர் நான்கு பேரை மறிக்க முடியவில்லை! பாதி ஆட்டத்தில் 24-0. ஆறு சாக். முடிவில் 40-22.

மஹோம்ஸ் ஆடிய ஐந்து சூப்பர் பவுல்களில் மூன்று வெற்றி, இரண்டு தோல்வி. தோற்ற இரண்டிலும் லெஃப்ட் டேக்கிள் இடத்தில் வேறு வேலைக்காரர் நின்றார். கை அதே கைதான்.

அந்த 2025 ஈகிள்ஸ் கதையில் இன்னொரு சாட்சி இருக்கிறார். சாக்வான் பார்க்லி, பந்தோடு ஓடுகிறவர். 2023-ல் நியூயார்க் ஜயன்ட்ஸுக்காக ஆடி 962 கெஜம் ஓடினார். 'அவ்வளவுதான் இவர்' என்று ஜயன்ட்ஸ் விட்டுவிட்டது. ஈகிள்ஸ் வாங்கியது. 2024 சீசனில் 2,005 கெஜம். லீக் வரலாற்றில் இரண்டாயிரம் தாண்டிய ஒன்பதாவது ஆள். ஒரே வருஷத்தில் கால் புதுசாக முளைத்துவிட்டதா? ஈகிள்ஸின் லெஃப்ட் டேக்கிள் ஜோர்டன் மைலாட்டா. சிட்னியில் ரக்பி ஆடிக்கொண்டிருந்த பையன். 2018-ல் ஏழாவது சுற்றில் அவரைத் தேர்ந்தெடுத்தபோது அவர் ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. ஜெஃப் ஸ்டவுட்லண்ட் என்ற லைன் பயிற்சியாளர் அவரை அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்து ஆளாக்கினார். இப்படி வருஷக்கணக்கில் வளர்த்த ஒரு லைனுக்குப் பின்னால் பார்க்லியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வரிசை என்று நான் கத்துவது இதைத்தான்.

என் கட்சிக்கு எதிரான வாதங்களையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடிதம் எழுதுவீர்கள்.

முதல் வாதம், ஜோ தாமஸ். கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் அணியின் லெஃப்ட் டேக்கிள். 2007-ல் ஆரம்பித்து 2017-ல் கை தசை கிழியும் வரை அணி ஆடிய 10,363 தடவையும், ஒரு தடவைகூட வெளியே போகாமல், தொடர்ச்சியாக நின்றார். ஆனாலும் அவர் ஆடிய காலத்தில் அணி ஒருமுறைகூட பிளே ஆஃபுக்குப் போகவில்லை. 'பார்த்தீர்களா, லைன்மேனால் என்ன கிழிந்தது?' நியாயமான கேள்வி. பதில்: சுவர் என்பது ஒரு செங்கல் அல்ல. ஐந்தில் நான்கு பேர் ஒழுங்காக நின்று ஒருவர் கோட்டை விட்டால், மூட்டை விழுந்தது விழுந்ததுதான். தவிர, சுவர் மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. சுவர் இல்லாமல் சித்திரம் எழுத முடியாது என்கிறேன். பழமொழியை நான் கண்டுபிடிக்கவில்லை.

இரண்டாவது வாதம் கொஞ்சம் பலமானது. ஜோ பரோ. சின்சினாட்டி பெங்கால்ஸின் குவார்ட்டர்பேக். முதல் சீசனிலேயே, 2020 நவம்பரில், முழங்கால் நரம்புகள் அறுந்தன. 2021-ல் அணிக்கு ஐந்தாவது இடம் கிடைத்தது. டேக்கிள் சூவெல் இருந்தார், பந்து பிடிப்பதில் சூரரான ஜமார் சேஸ் இருந்தார். சேஸைத்தான் எடுத்தார்கள். சூவெல் டெட்ராய்ட்டுக்குப் போனார். நான் மாதிரி ஆட்கள் தலையில் அடித்துக்கொண்டோம். ஆனால் அந்த வருஷமே பெங்கால்ஸ் சூப்பர் பவுலுக்குப் போய்விட்டது! நடுவே டென்னஸி ஆட்டத்தில் பரோ ஒன்பது தடவை சாய்க்கப்பட்டும் ஜெயித்தார்கள். எங்கள் முகத்தில் கரி.

பொறுங்கள். 2022 பிப்ரவரி, இறுதி ஆட்டம். பரோ ஏழு தடவை சாய்க்கப்பட்டார். 23-20 என்று லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் முன்னால் இருக்கிறது. ஒரு நிமிஷத்துக்கும் குறைவான நேரம். நான்காவது வாய்ப்பு, ஒரே ஒரு கெஜம் வேண்டும். பந்து பின்னால் வந்தது. அந்தக் கோடியில் ஜமார் சேஸ், தன்னைக் காவல் காத்தவரை உதறிவிட்டுத் தனியாக ஓடிக்கொண்டிருந்தார். எறிந்திருந்தால் ஆட்டமே மாறியிருக்கும். ஆனால் எறிவதற்குள் ராம்ஸின் ஆரன் டொனால்ட் நடுவிலிருந்து புகுந்து பரோவைச் சுழற்றிவிட்டார். பந்து வெறும் தரையில் விழுந்தது. சேஸ் தன் வேலையைச் செய்துவிட்டார். அவர் செய்தது தெரிவதற்கு இன்னும் ஒரு விநாடி வேண்டியிருந்தது. அந்த ஒரு விநாடிதான் லைன்.

கடைசியாக ஒரு மனுஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லும்போது குரலை உயர்த்த முடியவில்லை.

மைக் வெப்ஸ்டர். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் சென்டர். 1975-க்கும் 1980-க்கும் நடுவே நான்கு சூப்பர் பவுல்களை ஜெயித்த அணி. அவர் பந்தைத் தள்ளிவிட்ட குவார்ட்டர்பேக் டெரி பிராட்ஷா இரண்டு முறை சூப்பர் பவுலின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். ஓய்வுக்குப் பின் டெலிவிஷனில் பெரிய பெயர். வெப்ஸ்டர் பதினேழு சீசன் ஆடினார். ஒவ்வொரு முறையும் பந்தைக் கொடுத்த அடுத்த கணம் தலையால் முட்டு. ஒரு அடியும் பெரிதில்லை; மயங்கி விழுகிற அடி இல்லை, டெலிவிஷனில் திரும்பத் திரும்பக் காட்டுகிற அடி இல்லை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன அடிகள். ஓய்வுக்குப் பின் ஞாபகம் தப்பியது, தூக்கம் போனது, குடும்பம் சிதறியது. சில நாட்கள் தன் லாரியிலேயே படுத்துத் தூங்கினார். 2002-ல் இறந்தபோது வயசு 50.

பிட்ஸ்பர்க் பிணப் பரிசோதனைக் கூடத்தில் நைஜீரியாவிலிருந்து வந்த பென்னட் ஒமாலு என்ற டாக்டர் அந்த மூளையைப் பார்த்தார். வெளியிலிருந்து பார்க்கச் சாதாரணமாக இருந்தது. அவர் விடவில்லை. மெல்லிய சீவல்களாக வெட்டி ஆராய்ந்தார். சி.டி.இ. என்கிற மூளைச் சிதைவு, ஒரு லீக் ஆட்டக்காரரிடம் முதன்முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. 2005-ல் கட்டுரையாக வெளியிட்டார். லீகின் டாக்டர்கள் அதைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். பின்னால் ஆயிரக்கணக்கான முன்னாள் ஆட்டக்காரர்கள் வழக்குப் போட்டு, 2013-ல் லீக் 76.5 கோடி டாலருக்குச் சமாதானம் பேச வேண்டியதாயிற்று.

அந்த முதல் மூளை ஒரு சென்டருடையது என்பது எனக்குத் தற்செயலாகப் படவில்லை. ஆட்டத்தின் பாரத்தைச் சுமந்தவர்கள் இவர்கள். மைதானத்தில் இருந்தபோது யாரும் இவர்களைப் பார்க்கவில்லை. ஆகவே அவர்களுக்கு என்ன ஆகிறது என்பதையும் யாரும் பார்க்கவில்லை. பார்வை என்பது வெறும் ரசனை சமாச்சாரம் இல்லை சார். யாரைப் பார்க்கிறோமோ அவனுக்குத்தான் வைத்தியமும் நடக்கும்.

கொஞ்சம் மாறுகிறது. கிரீன் பே பேக்கர்ஸின் ஜெரி கிரேமர் என்ற கார்டு, 1967 டிசம்பர் 31 அன்று, பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி குளிரில், கடைசி விநாடிகளில் எதிராளியைத் தள்ளி வழி திறந்தார். பார்ட் ஸ்டார் புகுந்து ஜெயித்தார். ஸ்டாருக்கு ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் 1977-ல். கிரேமருக்கு 2018-ல். தாமதம்தான், ஆனால் கண்ணால் பார்க்க உயிரோடு இருந்தார். 2025-ல் ஒருவழியாக, லைன்மேன்களுக்கென்றே 'ப்ரொடெக்டர் ஆஃப் தி இயர்' என்று லீக் தனி விருது அறிவித்தது. நல்லது. ஆனால் தனிப் பந்தி போட்டு உட்கார வைப்பது மரியாதையா என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். பெரிய பந்தியில் ஒரு இலை போடுங்கள். உதைத்தவருக்கே போட்டீர்களே!

சரி, அடுத்த பிப்ரவரிக்கு உங்களுக்கு ஒரு வேலை. மாப்பிள்ளை சிப்ஸ் கிண்ணத்தை நீட்டி 'பந்தைப் பாருங்க மாமா' என்றால் தலையாட்டிவிடுங்கள். பார்க்காதீர்கள். சென்டரின் கையைப் பாருங்கள். கை அசைந்ததும் மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுங்கள். எண்ணும்போது அந்த ஐந்து பேரை மட்டும் பாருங்கள். மூன்று வரை சுவர் நின்றால் பந்து போன இடத்தில் நல்ல சேதி இருக்கும். அப்புறம் நிதானமாகத் திரும்பிப் பார்க்கலாம். இரண்டிலேயே சரிந்தால், சோபாவில் மற்றவர்கள் 'ஐயோ' என்று கத்துவதற்கு ஒரு விநாடி முன்னாலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

டச்டவுன் விழுந்தால் இன்னொன்றும் கவனியுங்கள். அடித்தவனை ஓடி வந்து இடுப்பைப் பிடித்து ஆகாயத்தில் தூக்குவார்களே, அந்தத் தடியர்களின் சட்டை நம்பரைப் பாருங்கள். ஐம்பதுக்கும் எழுபத்தொன்பதுக்கும் நடுவில் இருக்கும். கேமரா மேலே தூக்கப்பட்டவன் முகத்தைக் காட்டும். நீங்கள் கீழே பாருங்கள்.